மாணவரின் மனைவிக்குப் பிரான்சில் மருத்துவக் காப்பீடு: கணவரின் அட்டை போதுமா?

லாஸ்பேட்டை வாசகர், 12 மார்ச் 2024

வரும் செப்டம்பரில் லியோன் நகரில் முதுகலைப் படிப்பில் சேருகிறேன். அண்மையில்தான் திருமணமானது, மனைவியையும் உடன் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். விசாவுக்கு அவர் பெயரில் ஓராண்டு மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள். எங்கள் பெரியப்பா பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே மாணவனுக்கு அரசுக் காப்பீடு இலவசம், கணவனுக்கு இருந்தால் மனைவிக்கும் தானாக வந்துவிடும், ஆகவே விசாவுக்காக இருப்பதிலேயே மலிவான பயணக் காப்பீடு ஒன்றை வாங்கிக் காட்டிவிட்டுப் போ என்கிறார். அனுபவத்தில் பேசும் பெரியவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன். மாற்றுக் கருத்து உண்டா?

மஞ்சக்குப்பத்திலிருந்து பதில், 12 மார்ச் 2024

உண்டு. உங்கள் பெரியப்பா சொல்வது அவர் காலத்தில் முழு உண்மை. வேலைக்குப் போகாத மனைவி கணவரின் காப்பீட்டு எண்ணிலேயே மருத்துவம் பார்த்துக்கொள்ளும் முறை பிரான்சில் நெடுங்காலம் இருந்தது. புதுச்சேரியில் எந்தச் சொல்தா (பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றியவர்) குடும்பத்தில் விசாரித்தாலும் இந்தப் பதிலே கிடைக்கும். அவர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். ஆனால் 2016 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த பியுமா என்னும் ஏற்பாடு அதை மாற்றிவிட்டது. வயது வந்த ஒவ்வொருவரும், வேலை செய்வதாலோ நாட்டில் நிலையாக வசிப்பதாலோ, தம் சொந்தப் பெயரிலேயே காப்பீட்டு உரிமை பெறுகிறார். பழைய முறையில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு மட்டும் 2019 இறுதிவரை அவகாசம் தரப்பட்டது. இன்று கணவரின் அட்டையில் பிள்ளைகளின் பெயர் ஏறும், மனைவியின் பெயர் ஏறாது.

நீங்கள் கல்லூரியில் பெயர் பதிந்ததும், அயல்நாட்டு மாணவர்களுக்கென உள்ள அரசுத் தளத்தில் விண்ணப்பித்துச் சந்தா ஏதுமின்றிச் சேர்ந்துவிடலாம். மாணவர் நலக் கட்டணம் என்று 2023-24 கல்வியாண்டில் 100 யூரோ வாங்கினார்கள். அது காப்பீட்டுக்கான தொகை அன்று. மனைவியின் நிலை வேறு. மாணவரின் குடும்பத்தார் என்று ஒரு தனி விசா வகை இல்லாததால், அவர் பெரும்பாலும் வருகையாளர் என்னும் நீண்டகால விசாவில்தான் வருவார். அப்படி வருபவர் பொதுவாக மூன்று மாதம் நிலையாக வசித்த பிறகே அரசுக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும், விண்ணப்பித்த மறுநாளே பதிலும் வந்துவிடாது. ஆகவே விசாவுக்காக வாங்கிக் காட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று நினைக்கும் அந்தக் காகிதம்தான், அங்கே போய் இறங்கிய முதல் சில மாதங்களுக்கு உங்கள் மனைவிக்கு உள்ள ஒரே பாதுகாப்பு.

13 மார்ச் 2024

மனைவிக்குக் காப்பீடு கேட்பது விசா மையத்தின் வழக்கமா, சட்டமா என்று நெய்வேலி வாசகர் கேட்டிருக்கிறார். சட்டம்தான். அயல்நாட்டார் நுழைவு, வசிப்பு பற்றிய பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பின் எல் 426-20 ஆம் பிரிவு, வருகையாளருக்கு மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது: குறைந்தபட்ச ஊதியத்தின் நிகர ஆண்டுத் தொகைக்குக் குறையாத வருவாய், தங்கும் காலம் முழுவதையும் உள்ளடக்கும் மருத்துவக் காப்பீடு, பிரான்சில் எந்தத் தொழிலும் செய்வதில்லை என்ற உறுதிமொழி. குறைந்தபட்ச ஊதியம் 2024 தொடக்கத்தில் நிகரமாக மாதம் ஏறத்தாழ 1,400 யூரோவாக இருந்தது. மாணவருக்குக் கேட்கப்படும் மாதம் 615 யூரோ என்னும் கணக்கையே மனைவிக்கும் போட்டுவிடாதீர்கள்.

17 மார்ச் 2024

எந்தக் காப்பீட்டை வாங்குவது என்பதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் நான் பட்ட பாடு இங்கேதான்.

விசா மையத்தில் பார்ப்பது சான்றின் முதல் பக்கம். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள், 30,000 யூரோவுக்குக் குறையாத தொகை, மருத்துவமனைச் செலவு, அவசர சிகிச்சை, நோயாளியையோ உடலையோ தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் செலவு ஆகியவை அதில் இருந்தால் வாங்கிக்கொள்வார்கள். நமக்கு வேண்டியதோ அடுத்தடுத்த பக்கங்களில், பொடி எழுத்தில் இருக்கிறது. நம் ஊரில் விற்கும் பயணக் காப்பீடுகள் பல 180 நாளோடு நின்றுவிடும், மேலே நீட்டிக்கத் தனியாகக் கேட்க வேண்டும். ஊரில் இருந்தபோதே இருந்த நோய்க்குப் பணம் கிடையாது. மகப்பேறு, பல், கண்ணாடி ஆகியவை பெரும்பாலும் விலக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு சிகிச்சையிலும் முதல் 100 டாலரை நாமே ஏற்க வேண்டும் என்ற ஒரு வரி இருக்கும். பிரான்சில் பொது மருத்துவரின் கட்டணமே 2024 மார்ச்சில் 26.50 யூரோதான். அந்த ஒரு வரியால், காய்ச்சலுக்கும் தோல் அரிப்புக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் அந்தக் காப்பீடு ஒரு காசுகூடத் தராது. அது விபத்து, மருத்துவமனையில் படுப்பது போன்ற பெருஞ்செலவுக்கு மட்டுமே உதவும்.

என் கணவர் பிரான்சின் கிரெனோபில் நகரில் படித்தபோது நான் தைராய்டு மாத்திரையோடுதான் போய் இறங்கினேன். மருந்துச் சீட்டைப் புதுப்பிக்க மருத்துவர், அவர் எழுதிய பரிசோதனை, அதற்கு ஓர் ஆய்வகம் என்று போன இடமெல்லாம் கையிலிருந்து கொடுத்தேன். காப்பீட்டு நிறுவனத்துக்கு இரசீதுகளை அனுப்பியதற்கு, புறப்படும் முன்பே இருந்த நோய் என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். அந்த நிபந்தனை அவர்களின் ஆவணத்தில் இருந்தது என்பதும் உண்மை. இருந்தாலும், அங்கே ஓராண்டு வாழப் போகிறவர் என்று தெரிந்தே அதை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிரான்சில் வசிக்கப் போகும் அயல்நாட்டாருக்கென்றே மாதச் சந்தாவில் கிடைக்கும் காப்பீடுகளும் உண்டு. அவற்றில், அரசுக் காப்பீட்டில் சேர்ந்ததும் சான்றைக் காட்டி இடையில் நிறுத்திக்கொள்ளலாம் என்ற நிபந்தனை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். விலை கூடுதல்தான். புறநோயாளர் செலவை, முதல் தொகையை நம்மை ஏற்கச் சொல்லாமல் தருகிறதா என்ற கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கூடவே மாத்திரைகளை ஆங்கில மருந்துச் சீட்டோடும், மூலப்பெயரை எழுதச் சொல்லியும் எடுத்துச் செல்லுங்கள். கடலூரில் நாம் கேட்டு வாங்கும் வணிகப் பெயர் அங்கே மருந்துக் கடையில் யாருக்கும் தெரியாது.

2 ஏப்ரல் 2024

காலாப்பட்டு வாசகர் முனைவர் பட்டத்துக்குப் போகிறாராம். அவருக்கு மேலே எழுதியதில் பாதி பொருந்தாது. ஆய்வு நிறுவனம் தரும் வரவேற்பு ஒப்பந்தத்தோடு ஆய்வாளர் தகுதியில், தாலான் (திறமையாளர்) என்னும் வகையில் விசா பெறுபவரின் மனைவிக்குக் குடும்பத்தாருக்கான தனி அட்டை உண்டு. அதில் வேலை செய்யும் உரிமையும் சேர்ந்தே வருகிறது. வேலை கிடைத்தால் அந்த வேலையின் பேரிலேயே காப்பீடும் திறக்கும். ஆகவே காப்பீட்டைப் பற்றிக் கேட்கும் முன், நான் எந்த வகையில் போகிறேன் என்பதைக் கல்வி நிறுவனத்திடம் கேளுங்கள். ஆய்வு மாணவர்கள் சிலர் அறியாமலே சாதாரண மாணவர் விசாவில் போய்விட்டு, மனைவியை வருகையாளராக அழைத்துத் திண்டாடுகிறார்கள்.

மனைவியும் அங்கே உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் படிக்கத் தயார் என்றால், அவரும் மாணவராகவே விண்ணப்பிக்கலாம். அப்போது மூன்று மாதக் காத்திருப்பு இல்லை, ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலையும் செய்யலாம். கல்லூரிக் கட்டணத்தையும் காப்பீட்டுச் சந்தாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் காலத்தில் இப்படி ஒரு வழியை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

21 ஏப்ரல் 2024

காப்பீட்டைப் பற்றிய பேச்சில் பிறப்புச் சான்றிதழ் எதற்கு என்று கேட்கலாம். அரசுக் காப்பீட்டின் நிரந்தர எண் பிறப்புச் சான்றிதழில் இருந்துதான் உருவாகிறது. முதல் இலக்கம் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2; பிறகு பிறந்த ஆண்டு, மாதம்; வெளிநாட்டில் பிறந்தவர் என்பதற்கு 99; இந்தியாவுக்கு 223; அதன்பின் வரிசை எண். 1996 ஜூலையில் கடலூரில் பிறந்த பெண்ணின் எண் 2 96 07 99 223 என்று தொடங்கும். பெற்றோர் பெயருடன் கூடிய பிறப்புச் சான்றிதழும், அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் சரியாக இல்லாவிட்டால் அந்த எண் வராது. வரும்வரை 8 என்று தொடங்கும் தற்காலிக எண்ணோடு காலம் தள்ள வேண்டும். ஆணாக இருந்தால் 7. தற்காலிக எண்ணில் பணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் கார்த் வித்தால் என்னும் பச்சை நிறக் காப்பீட்டு அட்டை கிடைக்காது. ஒவ்வொரு முறையும் மருத்துவர் தரும் பழுப்பு நிறப் படிவத்தை அஞ்சலில் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் சிக்கல் இரண்டு. ஒன்று, பெயரே இல்லாத பிறப்புச் சான்றிதழ். பிறந்த அன்று குழந்தைக்குப் பெயர் வைக்காமல் பெற்றோர் பெயரை மட்டும் பதிந்துவிட்டு, பிறகு யாரும் போய்ப் பெயரைச் சேர்க்காமலே விட்ட சான்றிதழ்கள் ஏராளம். பெயர் சேர்க்க 15 ஆண்டுதான் பொதுவான வரம்பு என்பதால், அது தாண்டியவர்கள் நகராட்சியிலோ மாநகராட்சியிலோ இன்றைக்கு என்ன வழி இருக்கிறது என்று கேட்டு முன்கூட்டியே முடித்துவிடுங்கள். விசா கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்க வேண்டாம். அங்கிருந்து கொண்டு அப்பாவை வெயிலில் அலைய விட வேண்டியிருக்கும்.

இரண்டு, முன்னெழுத்து. பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்தோடு பெயர், கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக, திருமணத்துக்குப் பின் புதுப்பித்த கடவுச்சீட்டில் கணவரின் பெயர் குடும்பப் பெயராக என்று ஒரே பெண் நான்கு பெயரில் நிற்பாள். பிரெஞ்சு நிர்வாகத்துக்குப் பெண்ணின் பிறப்புப் பெயரே சாகும்வரை அடிப்படை. கணவரின் பெயர் பயன்பாட்டுக்கு மட்டுமே. திருமணமான கையோடு கடவுச்சீட்டில் கணவர் பெயரை ஏற்றியிருந்தார்கள் எங்கள் வீட்டில். என் விண்ணப்பம் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது அதனால்தான். புதிதாக மணமானவர்கள், கணவர் பெயரைச் சேர்க்க அவசரப்படாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. மாமியார் வீட்டில் வருத்தப்பட்டாலும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக இடப்படும் அப்போஸ்டில் முத்திரையையும் இங்கேயே பெற்றுவிட வேண்டும். முதலில் மாநில அல்லது புதுச்சேரி அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதன் பிறகு மொழிபெயர்ப்பு என்ற வரிசை மாறக் கூடாது. மொழிபெயர்ப்பில் முத்திரையின் வாசகமும் இடம்பெற வேண்டும். திருமணச் சான்றிதழுக்கும் இதுவே.

16 ஜூன் 2024

முதலியார்பேட்டை வாசகியின் கேள்வி முக்கியமானது. வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது, மின்கட்டணமும் அவர் பெயரில், மூன்று மாதம் வசித்தேன் என்பதை மனைவி எதைக் காட்டி நிறுவுவது?

ஒப்பந்தம் எழுதும்போதே இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் தயங்கினால், கணவனும் மனைவியும் வசிக்கும் வீட்டின் குத்தகை இருவருக்கும் உரியதாகவே கருதப்படும் என்று பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 1751 ஆம் பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டலாம். ஒரே பெயரில் எழுதியிருந்தாலும் அப்படித்தான், ஒப்பந்தத்துக்குப் பிறகு மணந்திருந்தாலும் அப்படித்தான். வாடகை இரசீதிலும் மின்கட்டணத்திலும் மனைவியின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட மாணவர் விடுதி அறையில் இருவர் தங்கிக்கொள்ளலாம் என்று எண்ணிப் போவது பெருந்தவறு. அங்கே வசிப்புச் சான்றும் கிடைக்காது, அறையும் போய்விடும்.

13 அக்டோபர் 2024

முதலில் கேட்ட லாஸ்பேட்டைத் தம்பி லியோன் சேர்ந்துவிட்டார், மனைவியும் உடன் போயிருக்கிறார். அடுத்து என்ன என்கிறார்.

விசாவை வந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதிப்படுத்திக் கட்டணத்தைச் செலுத்தி, உறுதிச் சான்றைத் தரவிறக்கி வையுங்கள். அதைச் செய்யாவிட்டால் சட்டப்படி வசிப்பவர் என்ற நிலையே போய்விடும்; காப்பீட்டுக்குத் தேவையான முறையான வசிப்பும் அதோடு போகும். மூன்று மாதம் முடிந்ததும் எஸ் 1106 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பி, கடவுச்சீட்டு, விசா, உறுதிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், வசிப்புச் சான்றுகள், மனைவி பெயரில் உள்ள வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகல்களோடு மாவட்டக் காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கணவரோடு கூட்டுக் கணக்கு வைத்திருந்தால் மனைவியின் பெயர் அதில் தெளிவாக இருக்க வேண்டும். மூல ஆவணத்தை ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

ஜூன் மாதக் குறிப்போடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வசிப்புச் சான்று மூன்று மாதத்தையும் தொட வேண்டும். கடைசி மாத இரசீதை மட்டும் அனுப்பினால் அடுத்து வரும் கடிதம் மற்ற இரண்டையும் கேட்கும். நாங்கள் ஒவ்வொரு தாளையும் ஒரு கோப்பில் தேதி வரிசையில் வைத்திருந்தோம்; அந்தக் கோப்புதான் எங்களைக் காப்பாற்றியது.

5 ஜனவரி 2025

மார்ச் மாதக் குறிப்பில் எழுதிய மருத்துவர் கட்டணம் 2024 டிசம்பர் 22 முதல் 30 யூரோவாகிவிட்டது. காப்பீடு 70 விழுக்காட்டைத் தரும், அதாவது 21 யூரோ. அதிலிருந்து நோயாளியின் பங்கு என்று 2 யூரோ பிடித்துக்கொண்டு 19 யூரோ கணக்கில் வரும். குடும்ப மருத்துவர் ஒருவரைப் பதிந்துகொண்டால்தான் இந்தக் கணக்கு. பதியாவிட்டால் 30 விழுக்காடுதான். மனைவியின் பெயரில் உரிமை திறந்ததும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

9 பிப்ரவரி 2025

பாகூரில் இருந்து எழுதியிருக்கும் தங்கைக்கு. மார்ச் மாதம் புறப்படுகிறார், கருவுற்றிருப்பது இப்போதுதான் தெரிந்திருக்கிறது, கையில் உள்ள காப்பீட்டில் மகப்பேறு விலக்கு. பயந்து பயணத்தை நிறுத்த வேண்டுமா என்கிறார்.

பயணம் செய்யலாமா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. காப்பீட்டைப் பொறுத்தவரை சொல்கிறேன். அரசுக் காப்பீடு திறந்துவிட்டால் கவலை வெகுவாகக் குறையும். கருவுற்ற காலத்தின் கட்டாயப் பரிசோதனைகள் ஏழும் முழுமையாக ஏற்கப்படும். முதல் இரண்டு ஸ்கேன்களுக்கு 70 விழுக்காடு. ஆறாம் மாதத்தின் முதல் நாளில் இருந்து பிரசவத்துக்குப் பின் 12 ஆம் நாள் வரை மருத்துவச் செலவுகள் நூறு விழுக்காடு. கருவுற்றதை மூன்றாம் மாதம் முடிவதற்குள் அறிவிக்க வேண்டும் என்பது பொது விதி. நீங்கள் சேர்வதற்கே அதன் பிறகாகும் என்றால், விண்ணப்பத்துடனேயே அங்கத்திய மருத்துவரின் சான்றை இணைத்து அனுப்புங்கள்.

உரிமை திறப்பதற்கு முந்தைய மாதங்களுக்கு இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாவட்டமும் நடத்தும் பெ.எம்.இ. என்னும் தாய்சேய் நல மையங்களில் கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை இலவசம்; நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரைப் போல வீட்டுக்கே வந்து பார்க்கும் மருத்துவச்சிகளும் அங்கே உண்டு. அரசு மருத்துவமனைகள் பலவற்றில், காப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கென்று சமூகப் பணியாளரோடு கூடிய தனிப் பிரிவும் இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள். கிரெனோபிலில் எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டில் இருந்த திருவாரூர்ப் பெண், காப்பீடு இல்லை என்ற அச்சத்திலேயே ஸ்கேன் எடுக்காமல் இருந்தாள். நானே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். உள்ளே போனதும் அந்த மருத்துவச்சி முதலில் கேட்டது சாப்பிட்டாயா என்பதைத்தான்.

இங்கே எடுத்த ஸ்கேன், இரத்த வகை, பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே மறுபடியும் எடுக்கச் சொன்னால் அதற்கும் காசு.

10 பிப்ரவரி 2025

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, அரசுக் காப்பீடு தராத மீதியை ஏற்கும், வருவாய் குறைந்தவர்களுக்கான இலவசத் துணைக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாமே என்று ஒருவர் கேட்கிறார். அப்படி ஒன்று இருக்கிறது. ஆனால் வருகையாளர் என்பவர் சொந்த வருவாயில் வாழ்வேன் என்று சொல்லி வந்தவர். அந்த உதவியைப் பெற்றுவிட்டு அடுத்த ஆண்டு, வசிப்பு அட்டை வழங்கும் அரசு அலுவலகமான பிரஃபெக்சரில் போதிய வருவாய் உண்டு என்று காட்டுவது ஒன்றுக்கொன்று முரண்படும். அவசரம் இல்லாத நிலையில் நான் விண்ணப்பிக்க மாட்டேன். மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் நாளொன்றுக்கு ஒரு தொகையும் (2025 தொடக்கத்தில் 20 யூரோவாக இருந்தது), பல சிகிச்சைகளில் ஐந்தில் ஒரு பங்கும் நம் கையில் இருந்து போகும் என்பதால், சிறிய துணைக் காப்பீடு ஒன்றைக் காசு கொடுத்து எடுத்துக்கொள்வதே மேல்.

18 மே 2025

லாஸ்பேட்டைத் தம்பி எழுதியிருக்கிறார். மனைவிக்கு அரசுக் காப்பீட்டின் உரிமைச் சான்று வந்துவிட்டது, இன்னும் தற்காலிக எண்தான், தனியார் காப்பீட்டை நிறுத்திவிடலாமா என்கிறார்.

போன ஆண்டு, அரசுக் காப்பீட்டில் சேர்ந்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்ற நிபந்தனை உள்ளதை வாங்கச் சொன்னேன். அந்த நிபந்தனையை எப்போது பயன்படுத்துவது என்பதில் இப்போது கூடுதலாக ஒன்றைச் சொல்வேன். வசிப்பு அட்டையைப் புதுப்பிக்கும்போது, தங்கும் காலம் முழுவதற்குமான காப்பீடு என்ற அதே எல் 426-20 திரும்பவும் வரும். அரசுக் காப்பீட்டின் உரிமைச் சான்றைக் காட்டியே புதுப்பித்தவர்களை அறிவேன். தனியார் சான்றையும் கேட்ட அலுவலகத்தையும் அறிவேன். ஆகவே உங்கள் பிரஃபெக்சரின் ஆவணப் பட்டியலைப் பார்க்கும்வரை சந்தாவை நிறுத்த வேண்டாம். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை அட்டை முடிவதற்கு நான்கு மாதம் முதல் இரண்டு மாதம் வரையிலான இடைவெளியில் போட வேண்டும். வருவாய்க் கணக்கையும் திருத்திக்கொள்ளுங்கள்: 2024 நவம்பரில் குறைந்தபட்ச ஊதியம் நிகரமாக மாதம் 1,426 யூரோவாக உயர்ந்தது.

பதினெட்டு மாதம் முறையாக வசித்த மாணவர் குடும்ப இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம், அதில் மனைவிக்கு வேலை உரிமை கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் கடந்த 12 மாத வருவாயின் சராசரி குறைந்தபட்ச ஊதியத்தை எட்ட வேண்டும், வீட்டின் பரப்பும் விதிக்குள் அமைய வேண்டும். படித்துக்கொண்டே அதை எட்டுவது அரிது. படிப்பு முடிந்து வேலையில் அமர்ந்த பிறகு பாருங்கள்.

அரசுக் காப்பீட்டின் உரிமை வசிப்பு அட்டையைத் தொடர்ந்தே ஓடுவது. புதுப்பிக்க விண்ணப்பித்ததற்கான இரசீது கைக்கு வந்த அன்றே அதன் நகலைக் காப்பீட்டு அலுவலகத்துக்கும், காப்பீட்டுத் தளத்தில் மனைவிக்கு உள்ள சொந்த இணையக் கணக்கு வழியாக, அனுப்பிவிடுங்கள். உங்கள் கணக்கு வழியாக அனுப்பினால் அது உங்கள் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.